பூகம்ப நிதிக்குச் சின்னக் கம்பெனியில் தொழிலாளர்களிடம் எப்படிக் கேட்பது?

பயின்னவுங் தம்பி, ரங்கூன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பயின்னவுங் சந்தையில் ஒரு பயறு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சின்னக் கம்பெனிதான், ஆபீஸ், குடோன், லாரி எல்லாம் சேர்த்து இருபது பேர் சொச்சம். மேல் பர்மாவிலிருந்து துவரையும் கொண்டைக்கடலையும் வாங்கிச் சுத்தம் பண்ணி, மூட்டை கட்டி ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கிறோம். சரக்கு அனுப்பும் தரகர்களில் பாதிப் பேர் மாண்டலே, சகாயிங் பக்கம். இந்த 2025 மார்ச் 28 மத்தியானம் பூமி ஆடிய பிறகு அவர்களில் சிலரைப் போனில் பிடிக்கவே பல நாள் ஆனது. ஒருவர் இன்னும் குடும்பத்தோடு தெருவில் பாய் விரித்துப் படுக்கிறார். வீடு நிற்கிறது, ஆனால் சுவரெல்லாம் வெடிப்பு, உள்ளே போகப் பயம்.

எங்கள் முதலாளி நல்ல மனுஷன். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) லீவு முடிந்து கடை திறந்ததும் என்னைக் கூப்பிட்டு, கம்பெனி பேரில் ஏதாவது செய்யணும், நீயே பொறுப்பெடுத்துக்கோ என்றார். அவர் நினைப்பது இப்படி: எல்லாரும் ஒரு நாள் சம்பளம் கொடுக்கட்டும், சேருகிற தொகைக்குச் சமமாகக் கம்பெனியும் போடும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வாசலில் போர்டு வைப்போம், சரக்கு எடுக்க வருகிறவர்களும் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள்.

எனக்கு இதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. பயறு பொறுக்குகிற அக்காமார் தினக்கூலி. குறைந்தபட்சக் கூலி இந்த 2025 ஏப்ரலில் படியெல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 6,800 கியாட்தான், எங்கள் இடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட. அரிசியும் எண்ணெயும் விற்கிற விலையில் ஒரு நாள் கூலி போனால் அந்த வாரம் முழுக்க இடிக்கும். முதலாளி கேட்டால் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் எனக்குக் கவலை. அதில் ஒரு அக்காவுக்கு அம்மா வீடே சகாயிங்கில். அதற்காக அவர்களைக் கேட்காமல் ஒதுக்கிவிடவும் மனசு வரவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவர்களே ஆபீஸ் வாசலில் வந்து கேட்டார்கள்.

வற்புறுத்தல் ஆகாமல் எப்படிக் கேட்பது? பணமாக அனுப்புவதா, சாமான் வாங்கி எங்கள் லாரியிலேயே ஏற்றி விடுவதா? யாரிடம் கொடுப்பது? மாண்டலே பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் உண்மை நிலவரம் சொல்லுங்கள்.

மருந்துக்கடை அண்ணன், மாண்டலே:

தம்பி, கேட்டதற்கு நன்றி. நான் இங்கேதான் இருக்கிறேன், கடையும் திறந்துதான் இருக்கிறது, அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் ரங்கூனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்தது. சொந்தக் காரில் பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்த பையன்களை எல்லாம் பார்த்தேன், அவர்களை மறக்கவே முடியாது. ஆனால் வந்ததில் பெரும்பங்கு தண்ணீர் பாட்டில், நூடுல்ஸ், பழைய துணி. பெரிய ரோட்டோரம் இருந்தவர்களுக்கு மூன்று முறை கிடைத்தது, உள் சந்துகளில் இருந்தவர்களுக்கு ஒரு முறைகூட இல்லை. பழைய துணி மூட்டை மூட்டையாக மடங்களில் கிடக்கிறது, அதை அடுக்கி வைக்கவே ஆள் வேண்டியிருக்கிறது. இப்போது வண்டி வரத்தும் ரொம்பக் குறைந்துவிட்டது. நிஜமான செலவு இனிமேல்தான் ஆரம்பம்.

இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, தார்ப்பாய்க்கு அடியில் பகலில் உட்கார முடியாது. மே நடுவில் மழை இறங்கிவிடும். அதற்குள் தகரம், மூங்கில், நல்ல கனமான தார்ப்பாய், கொசுவலை, கக்கூஸ் இவை கிடைத்தாக வேண்டும். மழை வந்த பிறகு வயிற்றுப்போக்கும் டெங்குவும் வரும், அதை என் கடையில் உட்கார்ந்துகொண்டு இப்போதே நினைத்துப் பயப்படுகிறேன். இதெல்லாம் ரங்கூனிலிருந்து வர வேண்டியதில்லை. மாண்டலேயில் கடைகள் நடக்கின்றன, நூடுல்ஸ் இங்கேயே கிடைக்கும், அரிசி இங்கேயே கிடைக்கும். இங்கே வாங்கினால் இங்கே இருக்கிற கடைக்காரனும் கூலிக்காரனும் பிழைப்பான். தார்ப்பாயும் தகரமும் மட்டும் இங்கே விலை ஏறிப்போயிருக்கிறது, அங்கே மொத்த விலைக்குக் கிடைத்தால் உங்கள் லாரியில் ஏற்றலாம், மற்றதெல்லாம் பணமாகவே வரட்டும்.

சகாயிங் விஷயம் தனி. 1934ல் கட்டிய பழைய ஆவா பாலம் ஐராவதி ஆற்றுக்குள் விழுந்து கிடக்கிறது, போக்குவரத்து முழுக்கப் பக்கத்துப் புதுப் பாலம் வழியாகத்தான். பெரிய லோடு ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன் பாலத்து நிலவரம் விசாரித்துவிட்டு வரவும். அங்கே மடங்களும் பிக்குணிகள் தங்கும் இடங்களும் ஏராளம், அவையெல்லாம் பலமாக அடிபட்டிருக்கின்றன. அமரபுராவில் தறி வைத்திருந்த குடும்பங்களுக்கு வீடும் தொழிலும் ஒரே கூரைக்கு அடியில், இரண்டும் ஒரே நேரத்தில் போயிற்று. ஒரு தறியைச் சரிபண்ணிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் மறுமாதமே சொந்தக் காலில் நிற்கும், சாப்பாட்டுப் பொட்டலம் ஒரு வேளையோடு முடிந்தது.

கணக்குப்பிள்ளை, ரங்கூன்:

தம்பி, உங்கள் உறுத்தல் சரியான உறுத்தல். நான் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், இந்த மாதம் பல இடத்தில் இதைப் பார்க்கிறேன். ஒரு கம்பெனியில் யாரையும் கேட்காமல் சம்பளச் சிட்டையிலேயே இரண்டு நாள் கூலியைப் பிடித்துவிட்டு, கம்பெனி பேரில் பெரிய செக் அட்டை பிடித்துப் போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். அந்தப் போட்டோவில் இருந்த பணம் முழுக்கத் தொழிலாளிகளுடையது. இதைத் தானம் என்று சொல்ல என் வாய் வராது.

அதனால் முதல் காரியம், சம்பளச் சிட்டையில் கையே வைக்கக் கூடாது. சம்பளம் முழுசாக அவர்கள் கைக்குப் போகட்டும். அப்புறம், கம்பெனி தன் பங்கை முதலில் அறிவிக்கட்டும், தொழிலாளிகள் எவ்வளவு போட்டாலும் போடாவிட்டாலும் இவ்வளவு நிச்சயம் என்று. சமமாகப் போடுவேன் என்று முதலாளி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது பாருங்கள், பொறுக்குகிற அம்மா ஆயிரம் குறைத்தால் பூகம்பத்தில் அடிபட்டவனுக்கு இரண்டாயிரம் குறைகிறது, அந்தப் பாரம் முழுக்க அந்த அம்மா தலையில். அது நியாயம் இல்லை. வேண்டுமானால் ஒரு தொகையை முதலில் வைத்துவிட்டு, அதற்கு மேல் சேருவதற்குச் சமமாகப் போடுகிறேன் என்று சொல்லட்டும்.

தொழிலாளிகளுக்கு மூடிய டப்பா போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கவர் கொடுங்கள், பேர் எழுத வேண்டாம், வெறும் கவர் போட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. டப்பாவை முதலாளி மேஜையில் வைக்காதீர்கள், தண்ணீர் குடிக்கிற இடத்தில் வையுங்கள். சாவி உங்களிடமும் குடோனில் இருக்கிற ஒருவரிடமும், இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்க வேண்டும். பணம் தரமுடியாதவர்கள் ஒரு மணி நேரம் கூட இருந்து சாமான் கட்டிக் கொடுக்கலாம், ஆனால் அதையும் கம்பெனி நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியாட்கள் பணம் அனுப்ப உங்கள் சொந்த கேபிஇசட் பே (போன் வழியாகப் பணம் அனுப்புகிற ஆப்) எண்ணைக் கொடுக்கவே வேண்டாம். பல பேரிடமிருந்து சின்னச் சின்னத் தொகை ஒரு தனிநபர் கணக்கில் குவிந்தால் கணக்கை முடக்கிக் கேள்வி கேட்கிற காலம் இது, நல்ல காரியம் செய்யப் போய் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். கம்பெனி கணக்கு எண்ணைக் கொடுங்கள், அதற்குத் தனிப் பேரேடு போடுங்கள். பொய்க் கணக்கு எண்களும் நிறையச் சுற்றுகின்றன, அதனால் உங்கள் எண்ணைக் கடை வாசலில் ஒட்டுங்கள், போனில் அனுப்புவதைவிட அது நம்பகம்.

வரி விஷயம் முதலாளி காதில் போடுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்து ரசீது வாங்கினால் வருமான வரியில் மொத்த வருமானத்தின் 25 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். தெருவில் நேரடியாகக் கொடுப்பதற்கு இந்தக் கழிவு கிடைக்காது. ஆனால் வரிக் கழிவுக்காகவே எல்லாவற்றையும் ஒரே பெரிய இடத்தில் கொடுக்கச் சொல்ல மாட்டேன், பாதி அப்படி, பாதி நேரடியாக என்று பிரித்தால் இரண்டு பக்கமும் சரியாகும்.

பியாப்பொன் அக்கா:

நான் ஐராவதி டெல்டாக்காரி. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது எனக்குக் கல்யாணம் ஆகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து 38 ஆயிரம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள், எங்களுக்கு அது எண் இல்லை, தெருத்தெருவாக ஆட்கள். வயலெல்லாம் உப்புத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் குடிக்க முடியாது, உழுகிற எருமை மாடுகள் செத்து மிதந்தன. விதை நெல் இல்லை. அப்போதும் ரங்கூனிலிருந்து சாதாரண ஜனங்கள்தான் முதலில் வந்தார்கள், அரிசியும் துணியும் ரோட்டில் நின்று கொடுத்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடணும்.

ஆனால் எங்களை மறுபடி எழுப்பி நிறுத்தியது வேறு. எங்களிடம் நெல் வாங்குகிற வியாபாரி ஒருவர், அவருக்கு நாங்கள் முன்பணம் பாக்கி. தண்ணீர் வடிந்ததும் அவரே தேடி வந்து, பழைய பாக்கியை இந்த வருஷம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு விதை நெல்லும் கொடுத்தார். அவர் போர்டு வைக்கவில்லை, அதை அவர் தானம் என்றுகூட நினைத்திருக்க மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, உங்கள் முதலாளி டப்பா வைப்பதற்கு முன்னால் பேரேட்டைத் திறந்து பார்க்கட்டும். மேல் பர்மா தரகர்களுக்கும் விவசாயிகளுக்கும் உங்கள் கம்பெனி கொடுக்க வேண்டிய பணம் ஏதாவது தவணையில் நிற்கிறதா? நின்றால் அதை இன்றைக்கே அனுப்பட்டும். வீடு இழந்தவனுக்கு அவனுடைய சொந்தப் பணம் சீக்கிரம் கிடைப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை, யாரிடமும் கை நீட்டாமல் அவன் தகரம் வாங்குவான். அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் அடுத்த அறுவடை வரை வட்டியில்லாமல் தள்ளி வைக்கட்டும். இதற்குப் பிறகுதான் நிதி.

இன்னொன்று, அந்தச் சகாயிங் அக்காவிடம் யாராவது போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? ஊருக்கெல்லாம் நிதி திரட்டிவிட்டுத் தன் குடோனில் உட்கார்ந்திருக்கிறவளை விட்டுவிடக் கூடாது. அவளுக்குச் சம்பளத்தோடு லீவும் பஸ் காசும் கொடுத்து அம்மாவைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவள் திரும்பி வந்து சொல்கிற நிலவரம் வேறு யார் சொல்வதையும்விட உங்களுக்கு உபயோகப்படும்.

மொகல் தெரு வியாபாரி, ரங்கூன்:

மேலே எல்லாரும் நல்லதுதான் சொன்னீர்கள், ஆனால் போர்டு விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நம் கோவில்களில் கல்லில் பேர் வெட்டி வைப்பது காலங்காலமாக நடக்கிறது, பகோடாக்களிலும் அப்படித்தான். பேர் போடுவதால் தானம் கெட்டுப்போகாது. சந்தையில் ஒருவன் கொடுத்தது பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரிந்தால்தான் அவனும் கொடுப்பான். பயின்னவுங் சந்தையில் வசதியான கடை எத்தனை இருக்கிறது! அவர்கள் கையைத் திறக்க வைக்க போர்டுதான் நல்ல வழி. மறைவாகச் செய்வது பெரிய மனசு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இங்கே நமக்கு வேண்டியது தகரமும் மூங்கிலும். அதற்குப் பணம் சேர வேண்டும்.

வேண்டுமானால் போர்டில் கடைகள் பேர், கம்பெனிகள் பேர் மட்டும் போடுங்கள். கூலிக்காரர்கள் பேர் வேண்டாம், அவர்களுடைய பங்கை மொத்தமாக 'தொழிலாளர்கள்' என்று ஒரே வரியில் எழுதுங்கள், தொகை போட வேண்டாம்.

மற்றபடி இந்த நாட்டு ஜனங்களைத் தூண்டிவிட்டுத்தான் கொடுக்க வைக்கணும் என்று முதலாளி நினைக்க வேண்டியதில்லை. உலக நாடுகளில் யார் அதிகம் கொடுக்கிறார்கள் என்று வெளிநாட்டில் ஒரு பட்டியல் போடுகிறார்கள், அதில் 2014லிருந்து 2017 வரை வரிசையாக மியன்மார்தான் முதல் இடம், 2014ல் மட்டும் அமெரிக்காவோடு சமமாக. பணக்கார நாடெல்லாம் பின்னால். காலையில் பிக்குகள் வரிசையாக வரும்போது பாத்திரத்தில் சோறு போடுகிற கை இது.

கணக்குப்பிள்ளை, ரங்கூன்:

கடைகள் பேர் மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை அண்ணே. முதலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் போட்டி இருந்தால் நல்லதுதான், அதில் யாருக்கும் சோறு குறையாது. ஒரே ஒரு வேண்டுகோள், அதே போர்டில் பணம் எங்கே போனது என்பதையும் எழுதுங்கள். எத்தனை தகரம், எந்த வார்டு, யார் வாங்கிக்கொண்டார்கள், மீதி எவ்வளவு. கொடுத்தவர் பேரைப் பெரிதாகப் போட்டுவிட்டுச் செலவுக் கணக்கைப் போடாத போர்டு நிறையப் பார்த்தாகிவிட்டது.

தட்டோன் வாசகன்:

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் கோவில் மூலமாகச் சேர்த்தபோது நம் ஆட்களுக்கு முதலில் கொடுப்போம் என்று சிலர் பேசினார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை உங்கள் கம்பெனியில் வரவிடாதீர்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ரமலான் மாதத்தின் கடைசி ஜும்ஆ. மணி 12.50, தொழுகைக்காகப் பள்ளிவாசல்களில் ஆட்கள் கூடியிருந்த நேரம். மாண்டலேயிலும் சகாயிங்கிலும் எத்தனையோ பள்ளிவாசல் தொழுகிறவர்கள் மேலேயே இடிந்து விழுந்தது. இன்னொரு பக்கம் மடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள். உங்கள் குடோனில் எல்லா மதத்துக்காரரும் இருப்பார்கள், டப்பாவில் எல்லாரும்தான் போடுவார்கள், அதனால் எங்கே கொடுத்தாலும் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கிற குழுவாகப் பார்த்துக் கொடுங்கள்.

பெரிய ஊர்களை மட்டும் பார்க்காமல் பின்மனா, யமேதின், பியாப்வே பக்கமும் பாருங்கள். இன்லே ஏரியில் தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள் சரிந்து கிடக்கின்றன, அங்கே படகில்தான் சாமான் போக வேண்டும், ஆகவே போகிறவர்கள் குறைவு.

பயின்னவுங் தம்பி, ரங்கூன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதலாளியிடம் உட்கார்ந்து பேசினேன். பியாப்பொன் அக்கா எழுதியதை அப்படியே போனில் காட்டினேன், அவர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கணக்கரைக் கூப்பிட்டுப் பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று தரகர்களுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது மே கடைசித் தவணையில் நின்றது. மூன்றும் அன்றைக்கே போய்விட்டது. அவர்கள் எங்களுக்குத் தர வேண்டியதை அடுத்த துவரை அறுப்பு வரை தள்ளி வைத்தாயிற்று, வட்டி கிடையாது.

சம்பளத்தில் பிடிப்பது இல்லை என்றும் ஒத்துக்கொண்டார். கம்பெனி ஒரு தொகை முதலில் வைக்கிறது, டப்பா குடோனில் தண்ணீர்ப் பானை பக்கம், சாவி என்னிடமும் பொறுக்குகிற அக்காமாரில் மூத்தவரிடமும். போர்டு வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் மொகல் தெரு அண்ணன் சொன்னபடி கடைகள் பேரும், கீழே செலவுக் கணக்கும் என்று முடிவு. சகாயிங் அக்கா நாளை மறுநாள் கிளம்புகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார், அண்ணன் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டுத் தங்கியிருக்கிறார்களாம்.

மருந்துக்கடை அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்கள் லாரி துவரை எடுக்க எப்படியும் காலியாகத்தான் மேலே போகிறது. அதில் தார்ப்பாயும் தகரமும் ஏற்றிவிட்டால் வாடகை மிச்சம். இங்கே மொத்தக் கடையில் கேட்டுவிட்டேன், சரக்கு இருக்கிறது. எந்த அளவு வாங்குவது, யாரிடம் இறக்குவது?

மருந்துக்கடை அண்ணன், மாண்டலே:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. காலியாக வருகிற லாரி என்றால் பிரமாதம், இதைச் சந்தையில் மற்ற கம்பெனிகளிடமும் சொல்லுங்கள், பயறு எடுக்க வருகிற லாரி எத்தனையோ காலியாகத்தான் வருகிறது.

தார்ப்பாய் மெல்லிய நீல நிறத்தில் வருகிறதே, அது வேண்டாம், இந்த வெயிலிலேயே ஒரு மாதத்தில் நைந்துவிடும். லாரிக்குப் போடுகிற கனமான தார்ப்பாய், ஓரத்தில் வளையம் வைத்தது வாங்குங்கள், நான்கைந்து பேர் படுக்கிற அளவாவது இருக்கட்டும். கூடவே நைலான் கயிறு. கயிறு இல்லாமல் தார்ப்பாய் மட்டும் அனுப்புகிறார்கள், அப்புறம் இங்கே கயிறுக்கு அலைகிறோம். தகரத்தோடு ஆணியும், தொப்பி ஆணியாகப் பார்த்து. கொசுவலை குடும்பத்துக்கு ஒன்று என்று பெரிய அளவு.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் இறக்காதீர்கள். எங்கள் வார்டில் பையன்களும் பெண்களுமாக ஒரு பரகிதக் (பொதுச்சேவை) குழு இருக்கிறது, வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதி, யாருக்கு என்ன கிடைத்தது என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் பாதி இறக்கலாம், மீதியைச் சகாயிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அக்கா அங்கே போய்ப் பார்த்துச் சொல்கிற தெருவுக்கே போகட்டும். டிரைவர் ராத்திரி தங்குவதாக இருந்தால் வார்டு ஆபீசில் விருந்தாளிப் பதிவு போட வேண்டும், அடையாள அட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கம்பெனி பேரில் சாமான் பட்டியல் ஒன்று முத்திரையோடு கையில் இருந்தால் வழியில் நிறுத்திக் கேட்கும்போது சீக்கிரம் விடுவார்கள்.

கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் இங்கே ஒரு வரி எழுதுங்கள், இறக்க ஆள் கூட்டி வைக்கிறேன்.